நெஞ்சைத் திறக்காமல் வால்வு மாற்றலாம்... உங்க பாலிசி பணம் தருமா?



இன்னைக்கு எஸ்.ஐ.பி. இல்லை, டாக்ஸ் சேமிப்பு இல்லை. உங்க அப்பா அம்மாவோட இதயத்தைப் பத்தியும், அதுக்கு வரக்கூடிய ஒரு பெரிய பில் பத்தியும் பேசப் போறோம். எங்க வீட்டிலேயே நடந்த விஷயம் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

என் பெரியப்பாவுக்கு 72 வயசு. ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு ஆறு மாசமாச் சொல்லிக்கிட்டு இருந்தார். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்"னு நாங்களும் விட்டுட்டோம். ஒருநாள் பாத்ரூம் வாசல்ல மயங்கி விழுந்தார். எக்கோ எடுத்துப் பார்த்தா, இதயத்தின் அயோர்ட்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கியிருக்கு. கிட்னியும் நுரையீரலும் பலவீனமாக இருந்ததால், நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்வது ஆபத்து, தொடை வழியாகப் புது வால்வு வைக்கலாம் என்றார்கள் டாக்டர்கள். சிகிச்சை நல்லபடியா முடிஞ்சது. நாலாவது நாள் நடந்தே வீட்டுக்கு வந்தார்.

பில் 19 லட்சம்.

அண்ணனோட கம்பெனி குரூப் பாலிசியில் பெற்றோருக்கு 5 லட்சம் கவர். அதுபோக, பெரியப்பா பேரில் 10 லட்சத்துக்கு ஒரு கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி. அவருக்கு 63 வயசு இருக்கும்போது எடுத்து, ஒரு வருஷம்கூட விடாமல் பிரீமியம் கட்டினது. 'இதய வால்வு மாற்று' என்பது அந்த பாலிசியின் நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. அண்ணன் தைரியமா இருந்தார். கிளெய்ம் போட்டார். நிராகரிப்புக் கடிதம் வந்தது.

பெரியப்பா கேட்ட கேள்வி இன்னும் எனக்கு மறக்கலை. "ஏன்டா, நெஞ்சைப் பிளந்தா பணம் தருவானாம், பிளக்காம சரி பண்ணா தரமாட்டானாம். இது என்னடா நியாயம்?"

கஷ்டம் என்னன்னா, பாலிசி வாசகத்தின்படி அந்த நிராகரிப்பு சரிதான். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நோயைப் புரிஞ்சுக்குவோம்

இதயத்தின் இடது கீழறையிலிருந்து உடம்பு முழுக்க ரத்தம் போகும் வாசலில் இருக்கும் கதவுதான் அயோர்ட்டிக் வால்வு. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை திறந்து மூடும். வயசாக ஆக, சிலருக்கு அதில் கால்சியம் படிஞ்சு, துருப்பிடிச்ச கேட் மாதிரி இறுகிப் போகும். ரத்தத்தை வெளியே தள்ள இதயம் திணறும். மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, மயக்கம், இந்த மூணும்தான் முக்கிய அறிகுறிகள்.

இதுக்கு மாத்திரை கிடையாது. மாத்திரை அறிகுறியைக் கொஞ்சம் குறைக்கலாம், இறுகிய வால்வை இளக்காது. அறிகுறி வந்த பிறகு வால்வை மாற்றாமல் விட்டால், சுமார் பாதிப் பேர் இரண்டு வருஷத்துக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். அதாவது "அடுத்த இன்க்ரிமென்ட் வரட்டும், பார்த்துக்கலாம்"னு தள்ளிப்போட முடியாத செலவு இது.

"அப்பா அம்மா பிரச்சினைதானே, எனக்கு இல்லையே"ன்னு நினைக்காதீங்க. நூற்றில் ஒருவர், இருவருக்குப் பிறவியிலேயே இந்த வால்வில் மூணு இதழுக்குப் பதில் ரெண்டு இதழ்தான் இருக்கும். அவங்களுக்குச் சுருக்கம் சீக்கிரமே வரலாம். சின்ன வயசில் தொண்டைத் தொற்றுக்குப் பிறகு வரும் ருமாட்டிக் காய்ச்சலும் நம்ம நாட்டில் பலருடைய வால்வைக் கெடுத்திருக்கு.

தொடை வழியாக எப்படி வால்வு போகுது?

பழைய முறையில் மார்பெலும்பை அறுத்து, இதயத்தை நிறுத்தி, ஹார்ட்-லங் மெஷினில் போட்டு, கெட்ட வால்வை வெட்டி எடுத்துப் புதுசைத் தைப்பார்கள். இன்றைக்கும் பலருக்கு இதுதான் சரியான சிகிச்சை.

புது முறைக்கு டாவி என்று பெயர், சிலர் டாவர் என்பார்கள். தொடை இடுக்கில் இருக்கும் ரத்தக்குழாயில் சின்னத் துளை போட்டு, ஒரு மெல்லிய கதீட்டர் குழாயை இதயம் வரை கொண்டு போவார்கள். அதன் நுனியில், உலோக வலைக்குள் மாடு அல்லது பன்றியின் இதய உறையால் செய்த வால்வு மடிக்கப்பட்டு இருக்கும். சரியான இடத்துக்கு வந்ததும் அதை விரிப்பார்கள். சில வகை பலூனால் விரியும், சில வகை தானே விரியும். பழைய வால்வை வெளியே எடுப்பதில்லை. புதுசு அதை ஓரமாக ஒதுக்கித் தள்ளிவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யும்.

இதை மனிதருக்கு முதல்முதலில் செய்தவர் ஆலன் கிரிபியே என்ற பிரெஞ்சு டாக்டர். 2002 ஏப்ரல் 16, ரூவான் நகரம். நோயாளிக்கு 57 வயசு, நிலைமை ரொம்ப மோசம், ஆபரேஷன் செய்ய சர்ஜன்கள் முன்வரவில்லை. வேறு வழியே இல்லாத ஒருத்தருக்காகத் தொடங்கின முறை, இன்றைக்கு உலகம் முழுக்க வழக்கமான சிகிச்சை ஆகிவிட்டது. 2020-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல்படி, 65 வயதுக்குக் கீழே பெரும்பாலும் ஆபரேஷன், 80-க்கு மேலே பெரும்பாலும் டாவி, இடையில் இருப்பவர்களுக்கு டாக்டரும் குடும்பமும் கலந்து பேசி முடிவு.

"சின்னத் துளைதானே"ன்னு ஆபத்தே இல்லைன்னு நினைக்க வேண்டாம். பக்கவாதம், ரத்தக்கசிவு, வால்வு ஓரத்தில் கசிவு, பேஸ்மேக்கர் வைக்க வேண்டிய நிலை, இதெல்லாம் சிலருக்கு வரலாம். பேஸ்மேக்கர் வந்தால் பில்லும் ஏறும்.

துளை சின்னது, பில் ஏன் பெருசு?

காரணம் வால்வுதான். திறந்த ஆபரேஷனில் சர்ஜன் கட்டணம், தியேட்டர், ஐ.சி.யு. எல்லாம் சேர்ந்து செலவு பிரிந்து இருக்கும். டாவியில் பில்லின் மிகப் பெரிய பங்கு அந்த ஒற்றை வால்வு. பல வருஷம் வெளிநாட்டு வால்வுகளை மட்டுமே நம்பியிருந்தோம். இப்போ குஜராத்தில் வாபி நகரத்தைச் சேர்ந்த மெரில் நிறுவனம் 'மைவால்' என்ற வால்வைத் தயாரிக்குது. வெளிநாட்டு வால்வுகளுக்கு இது குறைந்ததல்ல என்று ஒப்பிட்டுக் காட்டின 'லேண்ட்மார்க்' ஆய்வு 2024-இல் வெளியானது. ஆனாலும் மொத்தச் செலவு இன்னும் லட்சங்களில்தான். கணக்கு எளிதாக இருக்க, இனி 20 லட்சம்னு வெச்சுக்குவோம்.

பாடம் 1: ரெண்டு பாலிசியும் ஒண்ணு இல்லை

ஹெல்த் இன்ஷூரன்ஸ் என்பது ஆஸ்பத்திரி செலவைத் திருப்பித் தரும் பாலிசி. 24 மணி நேரத்துக்கு மேல் அட்மிட் ஆகி, டாக்டர் பரிந்துரைத்த சிகிச்சை எடுத்தால், விதிகளுக்கு உட்பட்டு ஆன செலவு கிடைக்கும். வால்வை நெஞ்சு வழியாக மாற்றினாலும் தொடை வழியாக மாற்றினாலும் அது செலவுதானே? பெரியப்பாவுக்குக் குரூப் பாலிசி 5 லட்சத்தையும் கொடுத்தது இப்படித்தான்.

கிரிட்டிக்கல் இல்னஸ் வேற மாதிரி. அது பில்லைப் பார்க்காது, வரையறையைப் பார்க்கும். நோயோ சிகிச்சையோ வரையறைக்குள் வந்தால் மொத்தத் தொகை, வரலைன்னா ஒரு ரூபாய்கூட இல்லை.

இந்த வரையறைகளை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எழுதுவதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பொதுவான வரையறைகளை வகுத்து வெச்சிருக்கு. அதில் வால்வு பற்றிய தலைப்பே 'ஓப்பன் ஹார்ட் முறையில் வால்வு மாற்றுதல் அல்லது சரிசெய்தல்' என்றுதான் இருக்கு. கடைசி வரியில், கதீட்டர் வழியாகச் செய்யும் முறைகள் இதில் சேராது என்று தெளிவாக எழுதியிருக்கு.

அண்ணன் படிச்சது நோய்ப் பட்டியலை. படிக்காமல் விட்டது வரையறையின் கடைசி வரியை. அந்த ஒரு வரியின் விலை 10 லட்சம்.

அதுக்காகக் கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசியே வேஸ்ட்டுன்னு நான் சொல்லலை. சம்பாதிக்கிற நீங்க ஒரு பெரிய நோயால் ஒரு வருஷம் வேலைக்குப் போக முடியலைன்னா, வீட்டு இ.எம்.ஐ. கட்ட அந்த மொத்தத் தொகை உதவும். அதோட வேலை அதுதான். ஆஸ்பத்திரி பில் கட்டுவது ஹெல்த் பாலிசியோட வேலை. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வேண்டாம்னு நினைக்கிறதுதான் தப்பு. உங்ககிட்ட கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசியோ, டேர்ம் பிளானில் ரைடரோ இருந்தால், இன்னைக்கே வால்வு வரையறையைத் தேடிப் படிங்க. சில பாலிசிகள் பொது வரையறையைத் தாண்டிக் கூடுதல் கவர் தரலாம். எதுவா இருந்தாலும் எழுத்தில் இருக்கணும், ஏஜென்ட் வாயில் இருந்தால் போதாது.

பாடம் 2: 5 லட்சம் கவர் என்பது பாதி தூரம்கூட இல்லை

பில் 20 லட்சம், கம்பெனி கவர் 5 லட்சம். மீதி 15 லட்சத்தைப் பர்சனல் லோனா எடுக்கறீங்கன்னு வெச்சுக்கோங்க. வட்டி 12%, 5 வருஷம். மாச இ.எம்.ஐ. சுமார் 33,400 ரூபாய். மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது சுமார் 20 லட்சம். வட்டி மட்டுமே 5 லட்சம். 60,000 சம்பளம் வாங்கறவருக்குப் பாதிக்கு மேல் சம்பளம் 60 மாசத்துக்குக் காலி.

எங்க வீட்டில் மீதி 14 லட்சத்தைப் புரட்டினது இப்படி: பெரியப்பாவின் எஃப்.டி. 4 லட்சம், பெரியம்மா நகையை அடகு வெச்சு 3 லட்சம், அண்ணன் பேரில் லோன் 7 லட்சம். அந்த லோன் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. அண்ணன் வீடு வாங்கும் திட்டம் தள்ளிப்போச்சு.

இதுக்கு நான் பரிந்துரைப்பது சூப்பர் டாப்-அப். 5 லட்சம் டிடக்டிபிள், 20 லட்சம் கவர் என்று எடுத்தால், வருஷத்தில் ஆகும் மருத்துவச் செலவில் முதல் 5 லட்சம் கம்பெனி பாலிசியிலிருந்தோ கையிலிருந்தோ போகும், அதுக்கு மேலே ஆகும் செலவை இந்த பாலிசி ஏற்கும். முதல் ரூபாயிலிருந்து கவர் தரும் பாலிசியைவிடப் பிரீமியம் நல்லாவே குறையும். வாங்கும்போது வெறும் 'டாப்-அப்' வாங்கிடாதீங்க. அது ஒவ்வொரு அட்மிஷனையும் தனித்தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்-அப் வருஷம் முழுக்க ஆன செலவைக் கூட்டிப் பார்க்கும்.

பெற்றோர் பாலிசியில் கோ-பே இருக்கான்னும் பாருங்க. 20% கோ-பே என்றால், ஏற்கப்பட்ட கிளெய்மில் ஐந்தில் ஒரு பங்கு உங்க பாக்கெட்டிலிருந்து.

பாடம் 3: ரூம் வாடகை வெட்டில் வால்வைத் தொட விடாதீங்க

இது பலருக்குத் தெரியாத விஷயம். பாலிசியில் ரூம் வாடகை நாளைக்கு 5,000 வரைதான்னு இருக்கு, நீங்க 10,000 ரூம் எடுத்துட்டீங்க. அப்போ டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் போன்ற ரூமோடு சேர்ந்த செலவுகளையும் பாதியாக வெட்டலாம். இதைத்தான் விகிதாசாரக் கழிவு என்பார்கள்.

ஆனால் மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், உடம்புக்குள் வைக்கும் இம்பிளான்ட், பரிசோதனைகள், இவற்றில் இந்த வெட்டு கூடாது. ஐ.சி.யு. கட்டணத்திலும் கூடாது. இது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி. வால்வு ஒரு இம்பிளான்ட்.

ஒரு உதாரணக் கணக்கு. 20 லட்சம் பில்லில் வால்வு 12 லட்சம், மருந்து, டெஸ்ட் 3 லட்சம், ரூமும் மற்ற கட்டணமும் 5 லட்சம். விதிப்படி வெட்டினால் அந்த 5 லட்சத்தில் பாதி, அதாவது இரண்டரை லட்சம் போகும். யாராவது மொத்த பில்லிலும் கை வெச்சுட்டா 10 லட்சம் போயிடும். செட்டில்மென்ட் லெட்டர் வந்தால் வரிக்கு வரி பாருங்க. பாலிசி வாங்கும்போதே ரூம் வாடகை வரம்பு இல்லாததா வாங்கினா இந்தத் தலைவலியே இல்லை.

இன்னொண்ணு. ரோபோட்டிக் சர்ஜரி மாதிரி 12 நவீன சிகிச்சைகளுக்குச் சில பாலிசிகளில் தனி உச்சவரம்பு இருக்கும். அந்த 12-இல் டாவி இல்லை. இருந்தாலும் 'இதய சிகிச்சைக்கு இவ்வளவுதான்' என்று நோய்வாரி வரம்பு இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

பாடம் 4: மழைக்கு முன்னாடி குடை

பாலிசி எடுக்கும்முன் இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024-இல் வந்த விதிமாற்றப்படி அது அதிகபட்சம் 3 வருஷம், முன்பு 4 வருஷமாக இருந்தது. அப்பாவுக்கு வால்வு சுருக்கம்னு எக்கோ ரிப்போர்ட் வந்த பிறகு பாலிசி தேடினால், கிடைப்பதே கஷ்டம். கிடைச்சாலும் 3 வருஷம் காத்திருக்கணும். கடுமையான வால்வு சுருக்கம் அவ்வளவு நாள் காத்திருக்காது.

மறைச்சு எடுக்கலாமான்னு யாராவது ஐடியா கொடுத்தா கேட்காதீங்க. நிராகரிக்க அதைவிடச் சுலபமான காரணம் கம்பெனிக்குக் கிடைக்காது. உண்மையைச் சொல்லி எடுத்து, 5 வருஷம் தொடர்ந்து கட்டிட்டா, மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, "நீங்க சொல்லலையே" என்ற காரணத்தைக் காட்டி மறுக்க முடியாது.

நம்ம மாதிரி சம்பளக்காரங்களுக்குக் கம்பெனி குரூப் பாலிசியில் ஒரு பெரிய வசதி: பெரும்பாலும் பழைய நோய்களுக்கு முதல் நாளிலிருந்தே கவர் இருக்கும். ஆபத்து என்னன்னா, வேலையை விட்டால் அதுவும் போச்சு. நோட்டீஸ் பீரியடுக்குள் எச்.ஆர்.கிட்ட கேளுங்க, அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழி இருக்கு.

அரசுத் திட்டமும் வரியும்

70 வயது தாண்டிய எல்லோருக்கும், வருமான வரம்பு இல்லாமல், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு 5 லட்சம் கவர் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. உங்க ஊர் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் போய், கார்டு எப்படி எடுப்பது, இந்தச் சிகிச்சை அதில் வருமா என்று நேரிலேயே கேளுங்க.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. முன்பு 18%. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, மூத்த குடிமக்களான பெற்றோர் பிரீமியத்துக்கு 50,000 வரை வரிக் கழிவு உண்டு. பாலிசியே இல்லாத மூத்த பெற்றோருக்குச் செய்த மருத்துவச் செலவுக்கும் அதே வரம்பில் கழிவு கேட்கலாம். புதிய வரி முறையில் இந்தச் சலுகை கிடையாது. அதுக்காகப் பாலிசி வேண்டாம்னு முடிவு பண்ணாதீங்க, பாலிசி எடுப்பது வரிக்காக இல்லை.

சிகிச்சை முடிவு எடுக்கும்முன் ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியவை

1. அப்பாவுக்குத் திறந்த ஆபரேஷனா, டாவியா? காரணம் என்ன? ஹார்ட் சர்ஜனும் கார்டியாலஜிஸ்டும் சேர்ந்து சொன்ன முடிவா?
2. பேக்கேஜ் தொகையில் வால்வு விலை சேர்ந்திருக்கா? எந்த வால்வு, வேறு விலையில் பொருத்தமான வால்வு இருக்கா?
3. சி.டி. ஸ்கேன் செலவு தனியா? பேஸ்மேக்கர் தேவைப்பட்டால் எவ்வளவு கூடும்?
4. கேஷ்லெஸ் முன் அனுமதி எப்போ அனுப்புவீங்க?

திட்டமிட்ட சிகிச்சை என்றால் முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்க. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி 1 மணி நேரத்துக்குள் பதில் சொல்லணும், டிஸ்சார்ஜ் அனுமதி 3 மணி நேரத்துக்குள் தரணும் என்பது விதி.

பில்லை மட்டும் பார்த்துச் சிகிச்சையை முடிவு பண்ணாதீங்க. எது பொருத்தம்னு டாக்டர்கள்தான் சொல்லணும். அவங்க சொல்றதைத் தாங்குற அளவுக்குப் பணத்தைத் தயாரா வெச்சிருக்கிறதுதான் நம்ம வேலை.

கிளெய்ம் தப்பா மறுக்கப்பட்டால்?

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்க. பதில் திருப்தி இல்லைன்னா இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கார். 50 லட்சம் வரையிலான வழக்குகளைக் கேட்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அண்ணனும் போகலாமான்னு யோசிச்சார். வரையறையைப் படிச்ச பிறகு விட்டுட்டார். வாசகம் நம்ம பக்கம் இருந்தால் மட்டும் போராடுங்க, அப்போ விடவே விடாதீங்க.

இந்த வாரம் உங்களுக்கு வீட்டுப்பாடம்

- கம்பெனி போர்ட்டலில் பெற்றோர் கவர் எவ்வளவு, கோ-பே எவ்வளவு, ரூம் வாடகை வரம்பு எவ்வளவு என்று குறிச்சு வையுங்க.
- கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி இருந்தால் வால்வு வரையறையின் கடைசி வரி வரை படிங்க.
- பெற்றோருக்கு நோய் எதுவும் கண்டுபிடிக்கப்படாத இப்போவே சூப்பர் டாப்-அப் விலை கேளுங்க.
- அப்பா அம்மாவுக்கு ஃபோன் போட்டு, "மாடி ஏறினா மூச்சு வாங்குதா? தலை சுத்துதா?"ன்னு கேளுங்க. ஆமான்னா பாலிசி, கணக்கு எல்லாம் அப்புறம். முதல்ல டாக்டரைப் பாருங்க. ஸ்டெதஸ்கோப் வெச்சாலே வித்தியாசமான சத்தம் கேட்கலாம், எக்கோ எடுத்தால் உறுதியாகிடும்.

பெரியப்பா இப்போ தினமும் காலையில் அரை மணி நேரம் நடக்கிறார். அண்ணன் லோன் கட்டுகிறார். முன்னது கிடைச்சதுக்கு எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. ரெண்டாவது, பத்து வருஷம் முன்னாடி யாராவது உட்கார்ந்து ஒரு வரியைப் படிச்சிருந்தா பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம். உங்க வீட்டில் அந்த வரியைப் படிக்கிற ஆள் நீங்களா இருங்க.

அடுத்த வீடியோவில் சூப்பர் டாப்-அப் பாலிசிகளை எப்படி ஒப்பிடுவதுன்னு பார்ப்போம்.